பெண் இங்கே, கை நனைத்தது அங்கே

போடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நான். பள்ளிக்கூட அலமாரியில் ஒரு தடி அகராதி இருந்தது. அதில் ‘செட்’ என்ற சொல்லுக்குப் பொருள் தேடப் போனால் பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்கும் ஓடும். வைப்பது, பூட்டுவது, மறைவது, உறைவது, கூட்டம், தொகுதி, இன்னும் என்னென்னவோ. இங்கிலாந்துக்காரன் இந்த ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறானே என்று முதலில் மலைத்துப் போனேன். சாயங்காலம் பஸ்சு ஏறி ராசிங்காபுரத்தில் இறங்கியதும் அந்த மலைப்பு போய்விடும். எங்கள் ஊர்க்காரர்களிடம் அந்த அகராதிக்காரன் வந்து பாடம் கேட்க வேண்டும்.

எழுபதுகளில் எங்களுக்கு எல்லாமே செட்டுதான். கல்யாணத்துக்குக் குழாய் கட்டிப் பாட விடுவது மைக் செட்டு. சலூனில் பாடுவது ரேடியோ செட்டு. காதுக்கும் கழுத்துக்கும் ஒன்றுபோல் செய்தால் நகை செட்டு. பொங்கலுக்கு எடுப்பது ஒரு செட்டுத் துணி. சோலி இல்லாமல் சேர்ந்து சுற்றுகிற நாலு தறுதலைகள் ஒரு செட்டு. சீட்டாட்டத்தில் சீட்டு வரிசையாகச் சேர்ந்தால் அதுவும் செட்டு. மதுரைக்குப் போய்க் கட்டிக்கொண்டு வருவது பல் செட்டு. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்து வராவிட்டால் ‘செட்டு ஆகலை’. இவ்வளவு இருந்தும், முன்னால் ஒன்றும் சேர்க்காமல் ஒருவர் வெறுமனே ‘செட்டு’ என்றால் அது கிணற்றில் பூட்டிய பம்பு செட்டுதான். இதில் யாருக்கும் எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை. பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்பதை இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். முதல் கேள்வி, “செட்டு இருக்கா?”

எனக்கும் அந்தக் கேள்விதான் வந்தது. எனக்கு மட்டும் அது கொஞ்சம் அதிகமாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

பெண்ணை முதலில் பார்த்தவன் நான்தான். ஒரு தேர்தல் வேலைக்கு என்னை மலைச்சரிவில், போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே இருந்த ஒரு சிறிய பள்ளிக்கூடத்துக்குப் போட்டிருந்தார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் பின்னால் குந்திக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றைக் காலி செய்தபடி போய்ச் சேர்ந்தேன். இறங்கியதும் அரசாங்கத்தின் பிரதிநிதியாகிய நான் ரோட்டோரம் உட்கார்ந்து மிச்சத்தையும் கக்கினேன். ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்த ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து நீட்டினாள்.

“மெல்லுங்க சார், நின்னுரும். கீழ போகையில முன்னாடி சீட்டுல உக்காந்து போங்க.”

அவ்வளவுதான் பேச்சு. இதில் ஆசைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருமுறை வெறும் வயிற்றோடு அந்த மலையில் ஏறிப் பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா விசாரித்தாள். நம்ம ஆட்கள்தான். சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டம். தாய் இல்லாத பெண். அப்பாவுக்கு அவள் ஒரே பிள்ளை. தரகர் ஜீப்பு ஏறிப் போனார், அந்தக் கேள்வியோடு திரும்பி வந்தார்.

பெண்ணின் அப்பா அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. மலையில் மழைக்குப் பஞ்சம் இல்லை. குடிக்கிற தண்ணீர் மட்டும் கீழே ஓடையில் கிடக்கும். அவருடைய மனைவி வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்து, ஒரு மழைக்காலத்தில் குடத்தோடு வழுக்கி விழுந்து, படுத்த படுக்கையாகிச் செத்துப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு குடம் மகளின் இடுப்புக்கு வந்தது. வீட்டில் உலை வைப்பதும் அவள்தான். சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வந்து விழுகிற வீட்டுக்குத்தான் மகளைக் கொடுப்பது என்று அவர் மனத்துக்குள் முடிந்து வைத்திருந்தார். படிப்பு, உத்தியோகம், மாப்பிள்ளையின் மூக்கு முழி எதுவும் அவருக்கு முக்கியமில்லை.

“செட்டு இருக்கான்னு கேக்குறாரு. என்ன சொல்ல?” என்றார் தரகர்.

“கெணத்துல செட்டு இருக்குன்னு சொல்லும்” என்றார் என் அய்யா.

அய்யா பொய்யே சொல்லவில்லை. கிணற்றில் செட்டு இருந்தது. கிணறு அய்யாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. பாகம் பிரிந்தபோது நிலத்தைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், உரலைக்கூட விடாமல் பிரித்தார்கள். கிணற்றை வெட்டிப் பிரிக்க வழியில்லாமல் விட்டுவிட்டார்கள். செட்டு மட்டும் பெரியப்பா தன் கையால் வாங்கிப் பூட்டியது. முறை வைத்து எங்களுக்கும் தண்ணீர் விடுவார். அதற்குக் கூலியாக என் அய்யா அவரிடம் பேசாமல் இருந்தார். ஒரே தெருவில் எதிரும் புதிருமாக வீடு. ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு மாடோ நாயோ வர வேண்டும், அதைப் பார்த்துச் சொல்வார்கள்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வரச் சொல்லி ஒரு நாள் குறித்தார்கள். பெரியப்பா வெளியூர்ச் சந்தைக்குப் போகிற நாளாகப் பார்த்து அய்யாவே குறித்தார். ஜாதகக்காரரைக் கேட்கவில்லை, பஸ்சு நேரத்தை விசாரித்தார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தம் பேச வருகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. மனசுக்குப் பிடித்து, சரி என்று முடிவெடுத்த பிறகுதான் இலையில் உட்காருவார்கள். உட்கார்ந்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது, அதற்குப் பிறகு எவனும் பேச்சு மாறக் கூடாது. தண்ணீரும் சாயாவும் கணக்கில் வராது. வாயில் போட்டு மெல்லுகிற எதுவும் கணக்கில் வரும். அதனால் மாப்பிள்ளை வீட்டில் விடிந்ததிலிருந்து கோழி அடித்துக் குழம்பு வைத்து, அரிசி களைந்து உலையேற்றி, எதுவுமே சமைக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர்களும் மூக்கைத் துளைக்கிற வாசனை எதுவும் வராதது போல உட்கார்ந்திருப்பார்கள்.

பெண்ணின் அப்பா வந்தார். உயரமான, ஒல்லியான ஆள். மலையில் இருக்கிறவர்களுக்கு வருகிற மலையாள வாடை பேச்சில் கொஞ்சம் இருந்தது. “சாயா போதும் ஆத்தா, வேற ஒண்ணும் வேண்டாம்” என்று என் அம்மாவிடம் சொன்னார். என்னைப் பார்த்தார். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் பார்ப்பார் என்று பயந்திருந்தேன், அவ்வளவு நேரம்கூட எனக்கு ஒதுக்கவில்லை. சாயாவைக் குடித்த கையோடு எழுந்தார்.

“செட்டைப் பாத்துருவமா?”

எல்லாரும் கிளம்பினோம். மோட்டார் அறையின் சாவி நிலைக்கு மேல் ஆணியில் தொங்கும், அது அய்யாவுக்குத் தெரியும். சொந்தச் சாவியை எடுப்பது போல எடுத்துத் திறந்து சுவிட்சைப் போட்டார். குழாய் இரண்டு தடவை இருமி, பிறகு குபுகுபுவென்று தொட்டியில் கொட்டியது. அந்த மனிதர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். குடத்தோடு விழுந்த மனைவியை நினைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றியது, ஆகா, பெண் கிடைத்தாள் என்பது மட்டும்தான்.

அய்யாவின் திட்டப்படி கிணற்றைக் காட்டிவிட்டு வந்த வழியே வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிப் போக வேண்டும். அவரோ தண்ணீர் போகிற வாய்க்காலோடு நடக்க ஆரம்பித்தார். வாய்க்கால் முதலில் போவது பெரியப்பா நிலத்துக்கு. அங்கே நிலக்கடலை தளதளவென்று நின்றது. எங்கள் பக்கம் உழுது போட்ட புழுதி. “அண்ணே, வெயில் ஏறுது, வீட்டுக்குப் போவம்” என்று தரகர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்.

கடலைக் கொல்லையில் இறங்கிய விவசாயி என்ன செய்வான்? குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். மண்ணை உதறினார். காயைப் பிட்டு, பருப்பை வாயில் போட்டு மென்றார். காய் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற கை அது, யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, தானாகப் போகும்.

“நல்லாப் பிடிச்சிருக்கே” என்றார் மென்றுகொண்டே.

“கை நனைச்சாச்சு!” என்று தரகர் கூவினார். “மெண்டாச்சு! சம்பந்தம் முடிஞ்சது!”

அய்யா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. அது நிலைத்து நிற்பதற்குள் மோட்டார் அறைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“எங்கொல்லைக் கடலை எப்படிய்யா இருக்கு?”

பெரியப்பா. சந்தைக்குப் போகிற பஸ்சு வழியில் படுத்துக்கொண்டதாம். அந்தக் காலத்தில் எங்கள் தடத்துப் பஸ்சுகள் முக்கியமான நாட்களைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் படுக்கும்.

“செட்டும் என்னது, கடலையும் என்னது” என்றார் பெரியப்பா, நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டபடி. “கை நனைச்சது எங்கிட்ட. எனக்கும் கல்யாணத்துக்கு ஒரு பய இருக்கான். வாங்க சம்பந்தி, வீட்டுக்குப் போவம்.”

கொஞ்ச நேரத்தில் ஊரே கொல்லையில் கூடிவிட்டது. வழக்கு இது: பச்சைக் கடலை கணக்கில் வருமா, வராதா? வறுத்திருந்தால்தான் சாப்பாடு என்றார் ஒருவர். உப்புப் போடாதது எப்படிக் கை நனைத்ததாகும் என்றார் இன்னொருவர். மண்ணோடு தின்றால் அது பரிசோதனை, மண்ணை உதறிவிட்டுத் தின்றால் அது சாப்பாடு என்று ஒரு பெரிய மனிதர் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார். நான் மாப்பிள்ளை என்பதே எல்லாருக்கும் மறந்து போயிற்று. ஒரு கடலைப் பருப்பில் அந்தப் பெண் எனக்கு மதினியாகப் போகிறாளே என்று நினைத்தபோது, அந்தச் செட்டைத் தூக்கிக் கிணற்றுக்குள்ளேயே போட்டுவிடலாமா என்றிருந்தது.

பெண்ணின் அப்பா வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்திருந்தார். மிச்சச் செடி கையிலேயே இருந்தது. யாரையும் திட்டவில்லை.

“திண்டது திண்டதுதான்” என்றார். “யாரு வீட்டுது, எப்படித் திண்டேன்னு எல்லாம் பேசி நான் தப்பிக்கப் போறதில்ல. மககிட்டச் சொல்லிட்டு வர்றேன்.”

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு பஸ்சுக்கு நடந்தார். அம்மா வைத்த கோழிக் குழம்பு அப்படியே இருந்தது. யாருக்கும் இறங்கவில்லை. “மனுசன் பசியோட போறாரே” என்று சொல்லிச் சொல்லி அம்மா அழுதாள்.

மலையில் நடந்ததைப் பின்னால் என் மனைவியே எனக்குச் சொன்னாள். ஆமாம், மனைவிதான், அதை மறைத்து வைத்துப் பயமுறுத்த எனக்கு ஆசையில்லை. அப்பா வந்து நடந்ததை எல்லாம் சொல்லி, “செட்டு வீட்டுக்குத்தான் போகணும் போல ஆத்தா” என்றிருக்கிறார்.

“கடலையைத் திண்டது நீங்க” என்றிருக்கிறாள் அவள். “அப்ப நீங்களே போயி அங்க வாழுங்க. நான் எதுக்குப் போகணும்?”

“அப்ப?”

“வாந்தி எடுத்தாரே ஒரு வாத்தியாரு, அவரு வீடுன்னா வர்றேன். இல்லாட்டி ஓடையே போதும்.”

என் வாழ்க்கையில் என் ஆங்கிலத்துக்கோ உத்தியோகத்துக்கோ கிடைக்காத மரியாதை அன்று என் வாந்திக்குக் கிடைத்தது.

அவள் அப்பா மறுபடியும் இறங்கி வந்து, நேரே பெரியப்பா வீட்டுக்குப் போய், மகள் சொன்னதை உள்ளபடி சொன்னார். பெரியப்பா சண்டைக்கு வரவில்லை. அவருக்கு அந்தப் பெண்ணை மருமகளாக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அவருடைய மகன், என் அண்ணன், மலைக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தது அவருக்கும் அரசல் புரசலாகத் தெரியும். என் அய்யாவை ஒரு தட்டுத் தட்டி வைக்க வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. தெருவில் நாலு பேரை வைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

“பொண்ணு அவன் வீட்டுக்குப் போகட்டும். கை நனைச்சது எங்கிட்ட, அது எங்கிட்டயே இருக்கட்டும். நீரு எப்ப வந்தாலும் எங்க வீட்டுலதான் சாப்பிடணும். அவன் வீட்டுல ஒரு வாய் சோறு திங்கப்படாது. சம்மதமா?”

“சம்மதம்” என்றார் அவர்.

“திங்காட்டிப் போகட்டும், சோறு மிச்சம்” என்றார் என் அய்யா, தெருவில் போன ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்து. அவருக்குப் பெண் கிடைத்த சந்தோஷம். எனக்கும்தான். அம்மா ஒருத்திக்குத்தான் அது உறைத்தது. “பொண்ணைக் குடுத்த மனுசன் பொண்ணு கையால திங்க மாட்டாருன்னா, இது என்ன சம்பந்தமய்யா?” என்றாள். நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

கல்யாணம் மைக் செட்டு அலற அலற நடந்தது. பந்தியில் என் மாமனார் இல்லை. எதிர்வீட்டில் அவருக்குத் தனி இலை போட்டுப் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். புதுப்பெண் கழுத்தில் மாலையோடு வாசலில் நின்று எதிர்வீட்டையே பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் முகம் முதல்முறையாக வாடியது.

அதற்குப் பிறகு வருடக்கணக்காக இதுதான் நடந்தது. மாதம் தவறாமல் மாமனார் மலையிலிருந்து இறங்குவார். போடி வரைக்கும் ஜீப்பு, அங்கிருந்து பஸ்சு. பையில் மிளகு இருக்கும், ஏலக்காய் இருக்கும், காலம் பார்த்துப் பலாப்பழம் இருக்கும். எங்கள் வீட்டில் உட்கார்ந்து மகளிடம் பேசுவார், பேரனைத் தூக்கி வைத்துக் கொஞ்சுவார், சாயா குடிப்பார். சோற்று நேரம் ஆனதும் துண்டை எடுத்துத் தோளில் போடுவார். “வர்றேன் ஆத்தா” என்று எழுந்து தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போய்விடுவார். என் மனைவி அடுப்படியில் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாள். அங்கே இலை போடுகிற சத்தமும், இரண்டு பேரும் சிரிக்கிற சத்தமும் இங்கே கேட்கும்.

தாய் போனதிலிருந்து அந்த மனிதருக்கு உலை வைத்தவள் அவள். அவள் கீழே இறங்கி வந்தபிறகு அவர் அந்தச் சரிவில் தனியாக, தானே பொங்கி, பாதி நாள் தீய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரியும். கீழே வருகிற அந்த ஒரு நாளாவது தன் கையால் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. “எங்கப்பனுக்குச் சோறு போடக்கூட எனக்குக் குடுத்து வைக்கலையா? ஒரு கடலைக்கா இம்புட்டு?” என்று என்னிடம் பொருமுவாள். தீர்ப்பு சொன்ன அன்றைக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன்தானே நானும்.

அவள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சாயா கணக்கில் வராது என்பதைப் பிடித்துக்கொண்டாள். முதலில் பாலைச் சுண்டக் காய்ச்சிப் போட்டாள். அடுத்த தடவை கருப்பட்டி. பிறகு முந்திரியை அரைத்துக் கலக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சாயா பாயசமாகிக்கொண்டு வந்தது. ஒரு நாள் அதில் சேமியாவும் மிதந்தது. மாமனார் ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். “இது மெல்லணும் போல இருக்கே ஆத்தா” என்றார், பாவமாக.

தூக்குவாளியில் சோறு கட்டி மலைக்கு அனுப்பிப் பார்த்தாள். பெரியப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. “வாளிக்குள்ள இருக்குறதும் அவன் வீட்டுச் சோறுதான்” என்று தெருவில் நின்று விளக்கம் சொன்னார். கடைசியில் மாமனாருக்குப் பல் எல்லாம் கொட்டிப்போன பிறகு, இவளே நேராக எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“பெரிய மாமா, எங்கப்பாவுக்கு இப்ப ஒத்தப் பல்லுகூட இல்ல. எதையும் மெல்ல முடியாது, முழுங்கத்தான் முடியும். அப்ப எப்படிக் கணக்குல வரும்?”

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “என்னைய மாதிரி மதுரைக்குப் போயிப் பல் செட்டுக் கட்டிக்கச் சொல்லு” என்று சொல்லி வாயைத் திறந்து தன்னுடையதைக் காட்டினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழிவாங்க ஆரம்பித்த பெரியப்பாவுக்கு என் மாமனார் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஒரு செட்டாகிவிட்டார்கள். மோட்டார் அறை நிழலில் சீட்டு, சாயங்காலம் டீக்கடை, திருவிழாவுக்கு ஒன்றாகப் போய் ஒன்றாக வருவது. மாமனார் வருகிற நாளில் பெரியப்பா காலையிலிருந்தே பஸ்சு நிற்கிற இடத்தில் போய் நிற்பார். பெண் எடுத்த என் அய்யாவை மாமனார் மரியாதையாகக் கும்பிடுவதோடு சரி.

செட்டு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டுமே. எண்பதுகளில் கிணற்றுத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. கரண்டு வருகிற நேரத்தில் தண்ணீர் இருக்காது, தண்ணீர் ஊறுகிற நேரத்தில் கரண்டு இருக்காது. மோட்டார் இரண்டு தடவை கருகி, மூன்றாவது தடவை அதை யாரும் கழற்றிக்கொண்டு போகக்கூட இல்லை. சுவிட்சுப் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியது. என் மனைவி தெருக் குழாயில் வரிசையில் நின்று குடம் சுமந்தாள். ஒரு தடவை மாமனார் பஸ்சை விட்டு இறங்கி வரும்போது அவள் இடுப்பில் குடத்தோடு எதிரே வந்தாள். அவர் குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அன்றைக்கு எதிர்வீட்டில்கூட அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டோம்.

ஒரு கோடையில் பெரியப்பா போய்விட்டார். விடியும்போது டீ குடித்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். மலைக்கு ஜீப்பில் சொல்லி விட்டோம். மாமனார் கிடைத்த ஜீப்பில் இறங்கி வந்து சேர்ந்தார். பெரியப்பா காலடியில் உட்கார்ந்தவர் தூக்குகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. சுடுகாட்டுக்கும் நடந்தே வந்தார். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளி வீடென்பதால் எங்கள் வீட்டிலும் எரியவில்லை. சம்பந்தக்காரர்கள் ஆக்கிக் கொண்டுவருகிற சோற்றுக்காக ஊரே காத்திருந்தது, அதுவோ அண்ணனின் மாமனார் வீட்டிலிருந்து மலை தாண்டி வர வேண்டும்.

எல்லாரும் குளித்து வந்தோம். மாமனார் ஈர வேட்டியோடு எதிர்வீட்டு வாசல் வரைக்கும் போனார். பழக்கம். அங்கே பெண்கள் கூடி அழுதுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, திரும்பித் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்குள் வந்தார். நேரே அடுப்படிக்குள் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“பசிக்குது ஆத்தா. என்ன இருக்கு?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஆட்டுக்கறி, கோழிக் குழம்பு, பருப்பு உருண்டை என்று இந்த நாளுக்காக அவள் மனசுக்குள் எத்தனை தடவை சமைத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டில் இருந்தது முந்தின நாள் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு மட்டும்தான்.

“நீச்சோறுதான்ப்பா இருக்கு” என்றாள்.

“கொண்டா. அவனும் போயிட்டான், இனிமே நான் எவன் வீட்டுல போயிக் கை நனைக்க?”

கும்பாவில் பிழிந்து வைத்தாள். உப்புப் போட்டாள். சின்ன வெங்காயம் நாலு உரித்து, பல் இல்லாதவர் என்பதால் நசுக்கி ஓரத்தில் வைத்தாள். அவர் கையைக் கழுவிவிட்டு அள்ளி வாயில் வைத்தார். முழுதாக ஒரு கும்பாவும் தலை நிமிராமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, கும்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் ஒரு கை போடு ஆத்தா.”

பிழிந்து வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனவள், சுவரில் தலையை முட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து எதிர்வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி அழுதாள். எதிர்வீட்டில் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சற்று நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பெரிய மாமன்மேல் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று ஊரில் ரொம்ப நாள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.